பெறுமான அட்டவணையிலிருந்து சார்பு அதிகரிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பிள்ளைகள் சாதாரண தரக் கணிதத்துக்குப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வரைபு வினாவில் அட்டவணையை நிரப்புவார்கள், புள்ளிகளைக் குறிப்பார்கள், வளையியையும் அழகாக வரைவார்கள். "சார்பு அதிகரிக்கும் ஆயிடையை எழுதுக" என்ற வரி வந்ததும் பேனா நின்றுவிடும். கைக்கெட்டிய புள்ளிகளை அங்கே விட்டுவிட்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

மாறியை 'ம' என்றும் சார்பின் பெறுமானத்தை 'ப' என்றும் எழுதுகிறேன். பாடநூலில் எக்ஸ், வை என்று வருபவை இவைதான்.

சார்பு அதிகரிக்கிறது என்றால் சரியாக என்ன பொருள்?

ம பெரிதாகும்போது ப உம் பெரிதாக வேண்டும். ஓர் ஆயிடைக்குள், அதாவது ம இன் தொடர்ச்சியான ஒரு வீச்சுக்குள், எந்த இரண்டு ம பெறுமானங்களை எடுத்தாலும், பெரிய ம இற்குரிய ப, சிறிய ம இற்குரிய ப ஐ விடப் பெரிதாக இருந்தால் அந்த ஆயிடையில் சார்பு அதிகரிக்கிறது.

"எந்த இரண்டு" என்பதைக் கவனியுங்கள். அட்டவணையில் எழுதிய இரண்டு மட்டுமல்ல, அவற்றுக்கு இடையே எழுதாமல் விட்ட எல்லாமும் அதில் அடங்கும். இந்தப் பக்கத்தில் வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அட்டவணையை எப்படி வாசிப்பது?

ப = ம² − 4ம + 1 என்ற சார்பை எடுப்போம்.

ம | −1 | 0 | 1 | 2 | 3 | 4 | 5
ப | 6 | 1 | −2 | −3 | −2 | 1 | 6

முதலில் மேல் நிரையைப் பாருங்கள். ம இடமிருந்து வலமாகக் கூடிக்கொண்டு போகிறதா? போகிறது. சில வினாக்களில் அட்டவணை 5 இல் தொடங்கி −1 இல் முடியும். அப்போது அதைத் திருப்பி எழுதிக்கொண்ட பிறகே வாசிக்க வேண்டும்.

அடுத்து கீழ் நிரை. 6, 1, −2, −3 என்று இறங்குகிறது; பிறகு −2, 1, 6 என்று ஏறுகிறது. திரும்பும் இடம் ம = 2. அதற்கு இருபுறமும் பெறுமானங்கள் ஒத்திருக்கின்றன: 1 இலும் 3 இலும் −2, 0 இலும் 4 இலும் 1. இருபடிச் சார்புக்குச் சமச்சீர் அச்சு உண்டு என்று நமக்குத் தெரியும். ஆகவே அந்த அச்சு ம = 2 தான். சார்பு அதிகரிப்பது ம > 2 ஆகும்போது.

விடையை ம இல் எழுத வேண்டுமா, ப இல் எழுத வேண்டுமா?

ம இல். "−3 இலிருந்து 6 வரை அதிகரிக்கிறது" என்று எழுதினால், எவ்வளவு ஏறியது என்று சொன்னதாகும். எங்கே ஏறியது என்பதே கேள்வி.

"மறையாக அதிகரிக்கும்" என்று கேட்டால் தலை சுற்றுகிறது. மறை என்றால் குறைவதுதானே?

இல்லை. இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. ப நேரா (பூச்சியத்தைவிடப் பெரிதா) மறையா (பூச்சியத்தைவிடச் சிறிதா) என்பது ஒன்று. ப ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மற்றது. ஒன்றின் விடை மற்றதைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே நான்கு சேர்க்கைகள் வரும், நான்கும் கேட்கப்படக்கூடியவை.

மேலுள்ள அட்டவணையில் ம 2 இலிருந்து 3 இற்குப் போகும்போது ப −3 இலிருந்து −2 ஆகிறது. பல பிள்ளைகள் இதைக் குறைவு என்று எழுதுகிறார்கள். குறியை விட்டுவிட்டு 3, 2 என்று இலக்கத்தை மட்டும் பார்ப்பதே காரணம். எண்கோட்டில் −2 என்பது −3 இற்கு வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே ப கூடியிருக்கிறது. மறையாக இருந்துகொண்டே கூடியிருக்கிறது.

எதுவரை? ம = 3 இல் ப = −2, ம = 4 இல் ப = 1. இடையே எங்கோ ப பூச்சியத்தைக் கடக்கிறது. வரைபில் வளையி கிடை அச்சை வெட்டும் இடத்தைப் பார்த்தால் ஏறத்தாழ 3.7 என்று வரும். சமன்பாட்டைத் தீர்த்தால் 2 + √3, அதாவது ஏறத்தாழ 3.73. எனவே சார்பு மறையாக அதிகரிப்பது 2 < ம < 3.7 என்ற ஆயிடையில். நேராக அதிகரிப்பது ம > 3.7 இல். இடப்பக்கத்தில் வளையி ஏறத்தாழ 0.3 இல் அச்சை வெட்டுவதால், நேராகக் குறைவது ம < 0.3 இல், மறையாகக் குறைவது 0.3 < ம < 2 இல்.

நான் சொல்லிக்கொடுக்கும் ஒழுங்கு இது: முதலில் திரும்பற் புள்ளியினூடாக நிலைக்குத்தாக மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். பிறகு வளையி கிடை அச்சை வெட்டும் இரண்டு இடங்களிலும் அப்படியே. இந்த மூன்று கோடுகளும் தாளை நான்கு பட்டைகளாகப் பிரிக்கும். ஒவ்வொரு பட்டையும் நான்கு சேர்க்கைகளில் ஒன்று. அதற்குப் பிறகு மனப்பாடம் தேவைப்படாது.

ம = 2 ஐயும் சேர்த்து ம ≥ 2 என்று எழுதினால் பிழையா?

வரைவிலக்கணத்தின்படி பிழையில்லை. 2 ஐயும் அதைவிடப் பெரிய எந்த எண்ணையும் எடுங்கள். பெரியதற்குரிய ப பெரிதாகவே இருக்கும். ஆனால் 2 என்ற தனிப்புள்ளியில் வளையியின் படித்திறன் (சாய்வு) பூச்சியம். அங்கே அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதனால் ம > 2 என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வகுப்பில் பழக்கியபடி எழுதுங்கள்.

வலப்பக்க எல்லையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். அட்டவணை 5 இல் முடிகிறது என்பதற்காகச் சார்பும் அங்கே முடிவதில்லை. சமன்பாடு தரப்பட்டிருந்தால் ம > 2. "−1 ≤ ம ≤ 5 என்ற ஆயிடையில்" என்று வினாவே வரையறுத்திருந்தால் 2 < ம ≤ 5.

பக்கத்துப் பக்கத்தில் ஒரே பெறுமானம் வந்தால் அங்கே சார்பு மாறாமல் இருக்கிறதா?

ப = 5 + 3ம − ம² ஐப் பாருங்கள்.

ம | −1 | 0 | 1 | 2 | 3 | 4
ப | 1 | 5 | 7 | 7 | 5 | 1

1 இலும் 2 இலும் 7. பிள்ளைகள் இந்த இரண்டு புள்ளிகளையும் அடிமட்டம் வைத்து இணைத்து, உச்சியைத் தட்டையாக்கிவிடுகிறார்கள். இருபடிச் சார்புக்கு எங்கும் தட்டையான துண்டு கிடையாது. சமச்சீர் அச்சு இரண்டுக்கும் நடுவே, ம = 1.5 இல் இருக்கிறது. பிரதியிட்டுப் பாருங்கள்: 5 + 4.5 − 2.25 = 7.25. அதுவே உயர் பெறுமானம். சார்பு அதிகரிப்பது ம < 1.5 இல், "ம < 1" என்று எழுதினால் அரை அலகு காணாமல் போகிறது.

சமச்சீர் கண்ணுக்குப் படாத அட்டவணை வந்தால்?

இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. அதிகம் பேர் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ப = 2ம² − 5ம

ம | −1 | 0 | 1 | 2 | 3 | 4
ப | 7 | 0 | −3 | −2 | 3 | 12

மிகச் சிறிய எண் −3, அது ம = 1 இல் இருக்கிறது. உடனே "ம > 1 இல் அதிகரிக்கிறது" என்று எழுதத் தோன்றும். ஆனால் −3 இற்கு இடப்பக்கம் 0, வலப்பக்கம் −2. இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. ஆகவே திரும்பற் புள்ளி 1 அல்ல. அது 1 இற்கு அருகே, −2 இருக்கும் வலப்பக்கமாக ஒதுங்கியிருக்கிறது.

இப்போது அடுத்தடுத்த ப பெறுமானங்களின் வித்தியாசங்களை எழுதுங்கள்: −7, −3, 1, 5, 9. ஒவ்வொரு வித்தியாசத்தையும் அதற்குரிய இரண்டு ம பெறுமானங்களின் நடுவே வையுங்கள். −3 என்பது 0 இற்கும் 1 இற்கும் நடுவே, 0.5 இல் நிற்கும். 1 என்பது 1.5 இல் நிற்கும். வித்தியாசம் மறையாக இருந்தால் இறக்கம், நேராக இருந்தால் ஏற்றம். மறையிலிருந்து நேருக்கு மாறும்போது அது பூச்சியமாகும் இடம் எது? −3 இலிருந்து 1 இற்கு வர 4 அலகு ஏற வேண்டும். பூச்சியத்துக்கு வர 3 அலகு. ஆகவே 0.5 இலிருந்து நான்கில் மூன்று பங்கு தூரம்: 0.5 + 0.75 = 1.25. சார்பு அதிகரிப்பது ம > 1.25 இல்.

சூத்திரத்தால் சரிபார்த்தாலும் 5 ஐ 4 ஆல் வகுக்க 1.25 தான். இது தற்செயல் அல்ல. இருபடிச் சார்புக்கு, சம இடைவெளியில் எடுத்த வித்தியாசங்கள் ஒரே சீராக மாறும். அதனால் இந்த முறை அண்ணளவான விடையை அல்ல, மிகச் சரியான விடையையே தரும். வேறு வகைச் சார்புகளுக்கு இது அண்ணளவு மட்டுமே.

அட்டவணையை நிரப்பும்போதே பிழை விட்டிருந்தால் எப்படித் தெரியும்?

அதே வித்தியாசங்கள் காட்டிக்கொடுக்கும். முதல் எடுத்துக்காட்டில் (−1)² ஐ −1 என்று எழுதியவர், ம = −1 இல் 6 இற்குப் பதிலாக 4 என்று நிரப்பியிருப்பார். அவருடைய வித்தியாசங்கள் −3, −3, −1, 1, 3, 5. சரியானவை −5, −3, −1, 1, 3, 5. இங்கே ஒவ்வொன்றும் 2 ஆல் கூடுகிறது. முதலிரண்டும் −3, −3 என்று வந்தவுடனேயே பிழை எங்கே என்று தெரிந்துவிடும். பரீட்சை மண்டபத்தில் அரை நிமிட வேலை. வரைபுத்தாளில் வளையி கோணலாகப் போன பிறகு அழிறப்பரைத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அட்டவணை ஏமாற்றுமா?

ஏமாற்றும். எல்லாக் கேள்விகளிலும் இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு முப்படிச் சார்பு: ப = ம³ − 3ம. மூன்று பெறுமானங்களுக்கு மட்டும் கணிப்போம்.

ம | −2 | 0 | 2
ப | −2 | 0 | 2

ப = ம என்ற நேர்கோடு போலவே இருக்கிறது. எங்கும் ஏறுவதாகச் சத்தியம் செய்யத் தோன்றும். இப்போது இடையிலுள்ள நிறைவெண்களையும் சேர்ப்போம்.

ம | −3 | −2 | −1 | 0 | 1 | 2 | 3
ப | −18 | −2 | 2 | 0 | −2 | 2 | 18

−1 வரை ஏறுகிறது. −1 இலிருந்து 1 வரை இறங்குகிறது. பிறகு மறுபடி ஏறுகிறது. முதல் அட்டவணையில் எழுதிய எண் ஒவ்வொன்றும் சரி. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு பிழை.

அட்டவணை பேசுவது எழுதிய புள்ளிகளைப் பற்றி மட்டுமே. புள்ளிகளுக்கு இடையே நடப்பதைச் சொல்ல, சார்பின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். இருபடிச் சார்பு ஒரே ஒருமுறைதான் திரும்பும் என்பது நமக்கு முன்பே தெரியும். அதனால்தான் ஏழு புள்ளிகளைப் பார்த்துத் துணிந்து ம > 2 என்று எழுதினோம். அந்தத் துணிவை அட்டவணை தரவில்லை. சமன்பாடே தந்தது.

சமன்பாடே இல்லாத அட்டவணைக்கு என்ன செய்வது?

வன்னிப் பிள்ளைக்கு இதற்கு எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. துருசடியில் (குளத்து மதகடியில்) நாட்டியிருக்கும் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தை அடிக்கணக்கில் குறித்துக்கொள்வது இங்கே பெரிய குளங்களில் உள்ள வழக்கம். வான்மட்டம் (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடத் தொடங்கும் மட்டம்) 12 அடியாக உள்ள ஒரு குளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

ஒக்டோபர் 1: 4.0 அடி
ஒக்டோபர் 15: 4.5
நவம்பர் 1: 7.0
நவம்பர் 15: 10.5
டிசெம்பர் 1: 12.0
டிசெம்பர் 15: 12.0
ஜனவரி 1: 11.5
ஜனவரி 15: 10.5

வடகீழ்ப் பருவமழையோடு ஏறி, நிரம்பி, காலபோக வயலுக்குத் தண்ணீர் திறக்க இறங்கும் குளம். ஒக்டோபர் 1 இலிருந்து டிசெம்பர் 1 வரை வாசிப்புகள் அதிகரிக்கின்றன. அதற்கு மேல் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. நவம்பர் 1 இற்கும் 15 இற்கும் இடையே நான்கு நாள் மழை ஓய்ந்து மட்டம் சற்று இறங்கியிருக்கலாம். அந்த இறக்கம் இந்த அட்டவணைக்குத் தெரியாது. டிசெம்பரில் இரண்டு தடவையும் 12.0 என்று இருப்பதால் இடையே மட்டம் மாறவில்லை என்றும் சொல்ல முடியாது. வான் பாயும்போது தண்ணீர் வான்கட்டின் உச்சிக்குச் சற்று மேலாகத்தான் நிற்கும். ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கு வந்திருக்கலாம்.

2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. கனத்த மழையில் ஒரே இரவுக்குள் நிலைமை மாறிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு வாசிப்பு என்ற இடைவெளி அமைதியான மாதத்துக்குப் போதும். மழைக்கு மணிக்கணக்கு வாசிப்பு வேண்டும். இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியது சார்பு எவ்வளவு வேகமாக மாறக்கூடும் என்பதுதான். எழுதுபவரின் வசதி அல்ல.

அதே அட்டவணையில், நவம்பர் 15 இற்குப் பிறகு ஏற்றம் 3.5 அடியிலிருந்து 1.5 அடியாகிறது. இது குறைவு இல்லையா?

குறைந்தது ஏற்றத்தின் அளவு. மட்டம் குறையவில்லை. வித்தியாசங்களை எழுதுங்கள்: 0.5, 2.5, 3.5, 1.5, 0, −0.5, −1.0. வித்தியாசம் நேராக இருக்கும்வரை சார்பு அதிகரிக்கிறது, அந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போனாலும்.

மழை குறைந்ததும் குளமும் குறையும் என்று நினைப்பது இதே குழப்பம்தான். மழை ஓய்ந்த பிறகும் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். வருவது போவதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை மட்டம் ஏறும். இரண்டும் சமனாகும் கணத்தில்தான் திரும்பற் புள்ளி. உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுப்பவர்கள் பெறுதி என்று படிக்கப்போவது இந்த ஏற்ற வீதத்தைத்தான். குளக்கட்டில் நின்று பார்த்தவருக்கு அது புதிய விடயமாகத் தோன்றாது.

நாட்களுக்கு இடையிலுள்ள இடைவெளி சமமாக இல்லையே?

நல்ல கண். ஒக்டோபர் 15 இலிருந்து நவம்பர் 1 வரை 17 நாள். அடுத்த இடைவெளி 14 நாள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்கு இது பொருட்டல்ல. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கேட்டால் மட்டும் நாட்களால் வகுக்க வேண்டும்: முதலாவதில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.15 அடி, இரண்டாவதில் 0.25 அடி. மேலே சொன்ன நடுப்புள்ளி முறைக்கோ சம இடைவெளி கட்டாயம்.

எங்குமே குறையாத சார்புக்கு நம் ஊரில் எடுத்துக்காட்டு உண்டா?

குளத்தின் நீர் உயரத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள தொடர்பு. உயரம் கூடினால் கொள்ளளவு கூடியே ஆக வேண்டும். மேலே போகப் போகக் குளம் அகன்று விரிவதால் ஒவ்வோர் அடிக்கும் சேரும் தண்ணீரும் கூடிக்கொண்டே போகும். வித்தியாசங்களே அதிகரிக்கும் அட்டவணை அது. இரணைமடுவின் மட்டத்தை 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தியபோது கூடியது இரண்டே அடி. ஆனால் அந்த மேல் இரண்டடியில் நிற்கும் தண்ணீர், அடியிலுள்ள இரண்டடியில் நிற்பதைவிட மிக மிக அதிகம்.

அட்டவணையில் ஒரு பெட்டிக்குப் பெறுமானமே இல்லாவிட்டால்?

அந்தப் பெட்டியைத் தாண்டி வாசிக்காதீர்கள். 1 ஐ ம ஆல் வகுக்கும் சார்பில் ம = −1 இல் ப = −1, ம = 1 இல் ப = 1. ஏறியதுபோல இருக்கும். ஆனால் ம = 0 இல் சார்பே இல்லை; பூச்சியத்துக்கு இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் அது குறைந்துகொண்டுதான் போகிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஒன்று தர முடியுமா?

ப = 3 − 2ம − ம²

ம | −4 | −3 | −2 | −1 | 0 | 1 | 2
ப | −5 | 0 | … | 4 | 3 | 0 | −5

விடுபட்ட பெறுமானத்தை இரண்டு வழிகளில் கண்டுபிடியுங்கள்: ஒன்று பிரதியிட்டு, மற்றது சமச்சீரைக் கொண்டு. பிறகு சார்பு மறையாக அதிகரிக்கும் ஆயிடையையும் நேராக அதிகரிக்கும் ஆயிடையையும் எழுதுங்கள்.

விடை: விடுபட்டது 3; ம = −2 இற்கும் ம = 0 இற்கும் நடுவே சமச்சீர் அச்சு ம = −1 இருப்பதால் 0 இல் உள்ள 3 அங்கேயும் வரும். மறையாக அதிகரிப்பது ம < −3 இல். நேராக அதிகரிப்பது −3 < ம < −1 இல். மறையாக அதிகரிக்கும் ஆயிடைக்கு −4 < ம < −3 என்று எழுதியிருந்தால், அட்டவணையின் விளிம்பைச் சார்பின் விளிம்பாக எடுத்திருக்கிறீர்கள். வலப்பக்க எல்லை பற்றி ம ≥ 2 கேள்வியின் கீழ் எழுதியதை மறுபடி ஒருமுறை வாசியுங்கள்.